தொட்டியம் வரை போன கட்டுச்சோறு

எங்கள் பெரியப்பாவைப் பற்றி நல்லதாகச் சொல்கிறவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அவர்களேதான் பெரியம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்றும் சொல்கிறார்கள். புருஷன் செத்துக் கிடக்கும்போது அவள் சொல்லியனுப்பிய பதிலைக் கேட்டு ஊரே காதைப் பொத்திக்கொண்டது. நான் பொத்திக்கொள்ளவில்லை. அந்தப் பதிலின் ஒவ்வொரு வார்த்தையும் பெரியப்பாவிடமிருந்து அவள் கற்றுக்கொண்டதுதான்.

ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும் வைத்திருந்த குடும்பம். பெரியப்பா மூத்தவர், என் அப்பா இளையவர், எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். சுற்றுவட்டாரத்தில் யார் கடலோரத்துக்குப் பயணம் புறப்பட்டாலும், ராமேசுவரமோ வேதாரண்யமோ நாகூரோ, முதலில் எங்கள் வாசலுக்கு வந்து பெரியப்பாவிடம் வழி கேட்டுக்கொண்டு போவார்கள். அவர் கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலைக் காம்புகளைக் கிள்ளிக் கிள்ளிக் கட்டில் சட்டத்தில் வரிசையாக வைப்பார். காம்பு ஒவ்வொன்றும் ஓர் ஊர்.

"இது நாமக்கல்லு. இது தொட்டியம். முசிறியில தண்ணி நல்லாருக்கும், வயிறு முட்டக் குடிச்சுக்கோங்க. இது திருச்சி. தஞ்சாவூருல வெயில் தாழத்தான் பொறப்படோணும். திருவாரூருல தேங்கா வாங்கிப்போடாதீங்க, அழுகலைத் தலையில கட்டீருவான். திருத்துறைப்பூண்டி தாண்டினா காத்துல உப்பு வாசம் வரும். அப்பறம் பயமில்ல."

போய்வந்தவர்கள், "நீங்க சொன்னது சொன்னபடிக்கு இருந்துச்சுங்க" என்று திருநீறும் கற்கண்டும் கொண்டுவந்து அவர் காலடியில் வைப்பார்கள். அவருடைய முகத்தை அப்போது பார்க்க வேண்டும்! ஆனால் அவர் நாமக்கல்லுக்கு அந்தப்புறம் காலெடுத்து வைத்ததே கிடையாது. எல்லாம் வெற்றிலை வண்டிக்காரர்களிடமும் பரதேசிகளிடமும் மோட்டார் டிரைவர்களிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது.

ஏன் போகவில்லை என்று கேட்டால் ஒரே பதில் வைத்திருந்தார். "போனா எல்லாரும் ஒட்டுக்காப் போகோணும். ஒருத்தர உட்டுப்போட்டுப் போனாலும் அது பயணமில்ல."

கேட்கிறவர்களுக்கு உள்ளம் குளிர்ந்துவிடும். ஆகா, குடும்பத்தின் மேல் எவ்வளவு பிரியம்! பிரியம் இருந்தது, இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கடலுக்குப் போனால் எனக்குக் கிளிஞ்சல் பொறுக்க வேண்டும் என்று சின்ன வயதில் ஒரு தடவை சொல்லியிருந்தேன். அதை வருஷக்கணக்காக நினைவில் வைத்து, "நம்ம கண்ணு கிளிஞ்சல் பொறுக்கறதுக்கு ஒரு பொழுது ஒதுக்கோணும்" என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொல்வார். இருந்தாலும் அந்த 'ஒட்டுக்கா' என்ற வார்த்தையை இப்போது யாராவது சொன்னால் எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

அவருக்கு ஒரே மகள், செல்லம்மாள். என்னைவிடச் சில வயது மூத்தவள், எனக்குத் தலைசீவிப் பூ வைத்துவிடுகிறவள். அவளை மோகனூர்ப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்தோம். பையன் படித்தவன், உப்பு இலாகாவில் குமாஸ்தா. கல்யாணமான கையோடு அவனை வேதாரண்யத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாமியாரும் கூடவே போய்விட்டார். எங்கள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் வாழ்க்கைப்பட்ட பெண் வேறு யாரும் இல்லை. அடுத்த வருஷமே அவள் உண்டானாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று வகைவகையாகக் கட்டி எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு அதை ஊட்டித் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு கூட்டிவருவார்கள். கட்டுச்சோறு என்று பேர். எட்டாம் மாதத்தில் போகக் கூடாது. கட்டுச்சோறு வராமல் பெண்ணை அனுப்பி வைக்கவும் மாட்டார்கள். அப்படி வந்தால் கேட்பாரற்றவள் என்று பேராகிவிடும். அதனால் செல்லம்மாள் அங்கே காத்திருந்தாள், பெரியம்மா இங்கே காத்திருந்தாள்.

ஆற்றுக்கு அக்கரையில் ரயில் ஓடுகிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் அடுப்படியிலேயே ஊதல் கேட்கும். பரிசலேறி அக்கரை போய் ரயிலைப் பிடித்தால், திருச்சியில் மாறி, திருவாரூரில் மாறி, மறுநாள் வேதாரண்யம். பெரியம்மா அதைத்தான் சொன்னாள்.

"ஏனுங்க, நானும் தம்பியும் ரயிலேறிப் போய்ப் புள்ளையக் கூட்டியாந்தர்றமுங்க."

தம்பி என்றது என் அப்பாவை. அப்பா கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். அண்ணன் வாயைத் திறக்காமல் தான் திறக்காத மனுஷர்.

"கட்டுச்சோத்த ரயில்லயா கொண்டுபோவாங்க?" என்றார் பெரியப்பா. "சம்பந்தி ஊட்டுல நம்மள என்னன்னு நெனப்பாங்க? ரெண்டு பேரு தூக்குப்போசியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறாங்களேன்னு சிரிக்க மாட்டாங்களா? மோட்டார் பேசிக்கலாம். எல்லாரும் ஒட்டுக்காப் போலாம். ஸ்ரீரங்கம், தஞ்சாவூரு, திருவாரூரு, எல்லாச் சாமியும் கும்புட்டுக்கிட்டு, கடல்ல தலை முழுகிட்டு, புள்ளையக் கூட்டியாந்தரலாம். அவளுக்கும் சந்தோசமா இருக்கும்."

எங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

நாமக்கல்லில் வாடகை மோட்டார் விடுகிறவரை வரவழைத்துப் பேசினார். எத்தனை பேர் ஏறலாம், சாமான் எங்கே கட்டுவது, டயர் எத்தனை மைல் தாங்கும் என்று அந்த டிரைவரைக் குடைந்து எடுத்துவிட்டார். அது போதாதென்று ஒருநாள் சாயங்காலம் களத்தில் சாம்பலால் கோடு போட்டு, மோட்டார் அளவுக்கு ஒரு மோட்டார் வரைந்தார். முன்சீட்டு, பின்சீட்டு, ஏறுகிற பலகை எல்லாம் உண்டு. அப்பா கையில் சல்லடையைக் கொடுத்து ஸ்டீரிங் என்று சொல்லி டிரைவராக உட்கார வைத்தார். அதிலிருந்து சாயங்காலமானால் நாங்கள் எல்லாரும் கோட்டுக்குள் அவரவர் இடத்தில் தரையில் உட்கார வேண்டும். பெரியம்மா பின்சீட்டில் ஓரம், மடியில் சோறு கொண்டுபோகிற தூக்குப்போசி, காலியாக. நான் நடுவில். பெரியப்பா வண்டிக்கு முன்னால் நடந்தபடி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவார்.

"இந்தா, முசிறி வந்தாச்சு. எறங்கித் தண்ணி குடிங்க."

நாங்களும் கோட்டைத் தாண்டி இறங்கி, குடித்து, ஏறிக்கொள்வோம். வேலிக்கு அந்தப்பக்கம் ஊர்ச்சனம் நின்று சிரிக்கும். பெரியம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். "ஏனுங்க, இப்ப எந்தூரு? அடுத்தது எந்தூரு? எங்க மாறோணும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். தன் திட்டத்தில் பெண்டாட்டிக்கு இவ்வளவு ஆசையா என்று அவருக்கு ஒரே பூரிப்பு, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகச் சொல்வார்.

ஏழாம் மாதம் வந்தது. நாமகிரிப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்த அத்தையை, அதாவது பெரியப்பாவின் தங்கையை, கூப்பிடாமல் போகலாமா? ஆள் அனுப்பினார். கடலைக்காய் பிடுங்கி முடித்தால்தான் வரமுடியும் என்று அத்தை சொல்லியனுப்பினாள். சரி, அவள் வரட்டும் என்று தள்ளிவைத்தார். கடலைக்காய் பிடுங்கினார்கள், காயப்போட்டார்கள், விற்றார்கள். அதற்குள் எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. அந்த மாதம் முழுக்கப் பெரியம்மா யாரிடமும் முகம்கொடுத்துப் பேசவில்லை. ரயில் ஊதும்போது மட்டும் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு நிற்பாள்.

ஒன்பதாம் மாதம் ஐப்பசி. இந்தத் தடவை பெரியப்பா பரஸ்தானமே வைத்துவிட்டார். நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்கள், அந்த நேரத்தில் ஒரு மூட்டையை மட்டும் திசை பார்த்து அயல் வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். மூட்டை புறப்பட்டுவிட்டால் ஆளும் புறப்பட்ட மாதிரி. புது வேட்டி, துண்டு, மஞ்சள் துணியில் முடிந்த அரிசி, எல்லாம் கட்டிக் கிழக்கு வீட்டு மளிகைக்கடைக்காரரிடம் கொடுத்தார். "மூட்ட போயாச்சு. இனி நம்மளத் தடுக்க ஆருமில்ல" என்று பெரியம்மாவிடம் சொன்னார். அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன்.

மோட்டார் நிஜமாகவே வந்து நின்றது. பெரியம்மாவும் என் அம்மாவும் விடியுமுன்னே எழுந்து எல்லாச் சோறும் ஆக்கியிருந்தார்கள். அத்தை வந்திருந்தாள். டிரைவர், "ஏனுங்க, இந்த வாட்டி நெசமாவே பொறப்படறமுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். கிழக்கு வீட்டில் நிறுத்தி மூட்டையை ஏற்றினோம். நாமக்கல் வந்தது, போனது. பெரியப்பா முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாமக்கல் தாண்டினதும் அவர் பேச்சு குறைந்தது. ஊர்ப்பேர் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

தொட்டியத்தில் ஒரு காப்பிக் கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார். வழி விசாரிக்கப் போகிறாராம். எல்லாருக்கும் வழி சொல்கிறவர்! நானும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கூடவே இறங்கினேன். எங்கள் ஊரில் அவர் நடந்துவந்தால் கட்டிலில் உட்கார்ந்திருப்பவன் எழுந்து நிற்பான். மணியக்காரரே எழுந்துவிடுவார். அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லாவில் இருந்தவன், "என்னய்யா வேணும், சட்டுனு சொல்லு" என்றான். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு தஞ்சாவூர் ரோடு எப்படி என்று கேட்டார். அதற்குள் ஒரு பஸ் வந்து நின்றது. அதிலிருந்து குதித்த கிளீனர் பையன் அவரைத் தோளில் தொட்டு, "ஓரமா நில்லுய்யா, ஆளு எறங்கட்டும்" என்று ஒதுக்கினான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அவன் வைது பேசவுமில்லை, பிடித்துத் தள்ளவுமில்லை. ஆனால் பெரியப்பா நாலடி தள்ளிப் போய் நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார், மறுபடி எடுத்தார். எனக்கு அந்த நிமிஷம் அவர் மேல் ஐயோ பாவம் என்றிருந்தது. அப்புறம் இந்த ஜன்மத்தில் அப்படித் தோன்றவில்லை.

கடையில் யாரோ, கீழே தஞ்சாவூர்ப் பக்கம் நல்ல மழை என்றார்கள். அது போதும் அவருக்கு. வண்டிக்குத் திரும்பி வந்தார்.

"தஞ்சாவூருக்கு அந்தால ரோட்டுமேல தண்ணி போகுதாமா. கொழந்த குட்டிகளோட போறது புத்தியில்ல. திருப்பப்பா வண்டிய."

"ஏனுங்க, அந்தப் பஸ்ஸு கெழக்க இருந்துதானுங்க வருது" என்றார் டிரைவர். "ரோடு எப்படின்னு அந்த டிரைவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு வாரனுங்க."

"நீ வண்டி ஓட்ட வந்தியா, எனக்கு வழி சொல்ல வந்தியா?"

அப்போது பெரியம்மா பேசினாள். அத்தனை பேர் முன்னால் அவரை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

"என்னைய எறக்கி உடுங்க. நான் திருச்சிக்கு ஒரு பஸ்ஸப் புடிச்சுப் போய்க்கறேன். எம் புள்ள ஒம்பது மாசம்."

"பேசாம உக்காரு. போனா ஒட்டுக்கா, வந்தா ஒட்டுக்கா."

அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை, "அண்ணன் சொன்னா ஒரு காரணம் இருக்கும்" என்றாள். வண்டி திரும்பியது.

வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். சோறு வீணாகிவிடுமாம். செல்லம்மாளுக்குக் கட்டிய கட்டுச்சோற்றை நாங்கள் வட்டமாக உட்கார்ந்து தின்றோம். பெரியப்பாவே எல்லாருக்கும் பரிமாறினார். ஊர்ப்பக்கம் திரும்பியதும் அவருக்குக் குரல் வந்துவிட்டது. "எள்ளுச்சோறு பிரமாதம், இன்னங் கொஞ்சம் போட்டுக்கோ கண்ணு" என்றார். "இதும் ஒரு பயணந்தான? ஒட்டுக்கா வெளிய வந்து சோறு தின்னு எத்தன நாளாச்சு!" என்றார். பெரியம்மா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. புளிச்சோற்றுப் போசியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்தப் புளிச்சோத்தையும் எடுங்க, பத்தல" என்றாள் அத்தை.

"இது எம் புள்ளைக்கி."



மூட்டையைப் பெரியப்பா வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. மறுபடியும் கிழக்கு வீட்டிலேயே வைத்தார். பயணம் பாதியில் நிற்கிறது, முறியவில்லை என்று அர்த்தம். "மழ உட்டதும் பொறப்பட்டர்லாம்" என்றார். அப்புறம் நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்து பார்த்தால் பெரியம்மா இல்லை. புளிச்சோற்றுப் போசியும் இல்லை. கிணற்றடி, கொடிக்கால், கரும்பாட்டுகிற ஆலைக்கொட்டாய் எல்லாம் தேடினோம். என் அம்மா ஆற்றங்கரைக்கு ஓடி அழ ஆரம்பித்துவிட்டாள். வெயில் ஏறியபிறகு பரிசல்காரர் வந்து சொன்னார்.

"மொதப் பரிசலுல அக்கரைக்கு உட்டனுங்க. எங்கீங்கம்மா இந்நேரத்துக்குன்னு கேட்டேன், வேதாரண்யம்னாங்க. தனியாவாங்கன்னு கேட்டேன். எனக்கு வழி தெரியுமப்பான்னாங்க."

எழுதப் படிக்கத் தெரியாதவள். தனியாகச் சந்தைக்குக்கூடப் போனதில்லை. பெரியப்பா அக்கரைக்கு ஓடியிருக்க வேண்டாமா? அடுத்த ரயிலைப் பிடித்திருக்க வேண்டாமா? கட்டிலில் உட்கார்ந்தார். வெற்றிலைக் காம்புகளைக் கிள்ளி வரிசையாக வைத்தார். வெகுநேரம் கழித்து, "இந்நேரம் திருச்சி போயிருப்பா" என்றார். சாயங்காலம், "தஞ்சாவூரு" என்றார். என் அப்பா எழுந்து கொடிக்காலுக்குப் போய்விட்டார்.

பிறகு மாப்பிள்ளையிடமிருந்து கார்டு வந்தது. குறைமாதத்தில் வலி எடுத்துக் குழந்தை செத்தே பிறந்துவிட்டது. பெரியம்மா போய்ச் சேர்வதற்குள் புதைத்தும் விட்டார்கள். செல்லம்மாளுக்குக் காய்ச்சல் விடவில்லை. அப்பா படிக்கப் படிக்கப் பெரியப்பா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகை வேஷமில்லை. வேஷமாக இருந்திருந்தால் எனக்கு அவரை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு நாமக்கல்லுக்கு ஆள் அனுப்பினார், டிரைவரைக் கூட்டிவர.

"தையில எல்லாரும் போறோம். தாயையும் மகளையும் ஒட்டுக்காக் கூட்டியாந்தர்றோம்."

அந்தத் தையில் கரும்பு வெட்டு வந்தது. அடுத்த தையில் அத்தைக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்த வருஷம் டிரைவர் வண்டியை விற்றுவிட்டார், வேறு வண்டி பார்க்க வேண்டியிருந்தது. பிறகு உலகச் சண்டை வந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை, பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பை மாட்டி ஓட்டினார்கள். "கரி வண்டியிலயா சம்பந்தி ஊட்டுக்குப் போறது?" என்றார். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை களத்தில் சாம்பல் மோட்டார் மட்டும் தவறாமல் வந்து நிற்கும். நாங்கள் அவரவர் இடத்தில் உட்கார வேண்டும். பின்சீட்டில் ஓரத்தை மட்டும் காலியாக விடச் சொல்வார். திரும்பி வரும்போது பெரியம்மா உட்கார இடம் வேண்டுமே! நான் வளர்ந்து தாவணி போட்டபிறகு உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என் இடத்தில் ஒரு செங்கல்லை எடுத்து வைத்தார்.

பெரியம்மா திரும்பி வரவில்லை. யாரும் போய்க் கூப்பிடவுமில்லை. அப்பா ஒரு தடவை, "நான் மட்டும் போய் அண்ணியப் பாத்துட்டு வாரனே அண்ணா" என்று கேட்டார். பெரியப்பா அன்று சாப்பிடவில்லை. அப்பா போகவில்லை.

எனக்குக் கல்யாணமாகித் திருச்சிக்குப் போனேன். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. போன கையோடு அவரிடம் சொல்லி வேதாரண்யத்துக்கு ரயிலேறினேன். ஒரு டிக்கெட், ஒரு பொழுது, இதற்குத்தானா அத்தனை வருஷம் சாம்பலில் உட்கார்ந்திருந்தோம் என்று வழியெல்லாம் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புறப்படுமுன் பெரியப்பாவுக்கு எழுதியிருந்தேன். தை மாதம் வண்டி வருகிறது என்று பெரியம்மாவிடம் சொல்லும்படி அப்பா கையால் பதில் எழுதவைத்திருந்தார்.

பெரியம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செல்லம்மாள் அப்புறம் பெற்ற பையன் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பெரியம்மா எழுந்து, "வா சாமி, வா" என்று கன்னத்தைத் தடவினாள். செல்லம்மாளும் வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் கோணக் கோணயாத்தான் வகிடெடுக்கற" என்றாள். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவள் அப்பாவைப் பற்றியும் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"தனியா வந்தீங்களே பெரியம்மா, பயமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"என்ன பயம்? அவரு சொன்ன ஊருதான் ஒண்ணொண்ணா வந்துச்சு. திருவாரூருல ஒருத்தன் தேங்கா கொண்டாந்து நீட்டுனான். நான் வாங்கல." இதைச் சொல்லும்போது சிரித்தாள். பிறகு கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வந்து பாத்தா அவ பாயில கெடந்தா. எம் மூஞ்சியப் பாக்கல கண்ணு. போசியத்தான் பாத்தா. கட்டுச்சோறு கொண்டாந்தியாம்மான்னு கேட்டா. தொறந்து ஒரு வாய் ஊட்டுனேன். முழுங்கிட்டு, நல்லாருக்குதும்மான்னா. அப்பறந்தான் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா."

நான் அழுதேன். அவள் அழவில்லை. பேச்சை மாற்ற, கடலுக்குப் போனீர்களா என்று கேட்டேன்.

"வந்த புதுசுல ஒருக்காப் போனேன். நெறையத் தண்ணி கெடக்குது."

வந்த சேதியைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? "பெரியப்பா தையில வண்டி வருதுன்னு சொல்லச் சொன்னாருங்க" என்றேன்.

"இன்னமும் சாம்பல்ல கோடு போடறாரா?"

"போடறாருங்க. உங்களுக்குப் பின்சீட்டுல ஓரம்."

"மடியில போசி வெக்க எடம் இருக்குதா?" என்றாள் பெரியம்மா. அவள் கீரைக்காம்புகளைக் கூட்டி அள்ளி வேலிக்கு அந்தப்புறம் வீசினாள்.

கடற்கரையில் கொஞ்சம் கிளிஞ்சல் பொறுக்கினேன். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அதைப் பெரியப்பாவின் கட்டிலில் கொட்டினேன். அவருக்கு உறைக்க வேண்டும் என்றுதான் கொட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "திருத்துறைப்பூண்டியில எறங்கி மோர் குடிச்சியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அட, அங்க குடிக்கோணும் கண்ணு. அவசரப்பட்டுப் போனா இப்படித்தான்" என்றார்.

அவர் ஒரு மார்கழிக் கடைசியில் செத்தார். காலையில் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. எனக்கும் தந்தி, வேதாரண்யத்துக்கும் தந்தி. நான் வந்து சேர்ந்தபோது அவரைக் களத்தில் கிடத்தியிருந்தார்கள், அந்த மோட்டார் நிற்கிற இடத்தில். கிழக்கு வீட்டு மளிகைக்கடைக்காரர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது அவரோடதுங்க. இத்தன வருசம் எங்கூட்டுல இருந்துச்சு" என்று அப்பாவிடம் கொடுத்தார். பிரித்தோம். மஞ்சள் துணியிலிருந்த அரிசி மாவாகிப் போயிருந்தது. வேட்டி மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைத்தான் அவருக்குக் கட்டிவிட்டார்கள்.

பெரியம்மா வராமல் எடுக்கக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். தாலி கட்டினவள் வந்து முகம் பார்க்க வேண்டாமா? அத்தை கத்திக் கத்தி அழுதாள். ராத்திரி போய் மறுநாளும் உச்சிப்பொழுதாகியும் யாரும் வரவில்லை. ரயில் ஊதும்போதெல்லாம் சனம் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. கடைசியில் பதில் தந்திதான் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் வாங்கிப் படித்தார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. தனக்குள் இன்னொரு தரம் படித்துக்கொண்டார்.

"என்ன வாத்தியாரே, சொல்லுங்க" என்றார் அப்பா.

"நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எல்லாரும் சேர்ந்து வருகிறோம். எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்."

அத்தை அழுகையை நிறுத்திவிட்டு மண்ணை வாரித் தூற்றினாள். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம், மாப்பிள்ளையிடம் ஆள் அனுப்பலாம் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அப்பா வாத்தியார் கையிலிருந்து தந்தியை வாங்கினார், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இனி ஆருக்கும் காத்திருக்க வேண்டாம்" என்றார். "எடுங்கப்பா."